சிங்காரவேலு வண்டி வைக்கோல்

கரியமாணிக்கம் கிராமத்துக் காசம்மாளிடம் எதைப் போய்ச் சொன்னாலும் "உம்" என்பாள். மழை வரும்போல இருக்குது என்றால் "உம்". உன் வூட்டுக் கோழிய நாய் கவ்விக்கினு போவுதுடி என்றாலும் அதே "உம்". கோழிக்காரி அலறி அடித்துக்கொண்டு ஓட வேண்டாமா? ஓட மாட்டாள். ஒருநாள் சோறு வடிக்கும்போது கொதிக்கிற கஞ்சி புறங்கையில் கொட்டிவிட்டது. தோல் வழண்டு தொங்குகிறது, இவள் பானையை நிமிர்த்தி வைத்து, தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமிதான் பார்த்துவிட்டு, "அடி பாவி, கையப் பாருடி!" என்று கத்தினாள். காசம்மாள் கையைப் பார்த்தாள். "உம்" என்றாள்.

கல் நெஞ்சுக்காரி என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். பிறக்கும்போதே யாரும் மரத்துப்போய்ப் பிறப்பதில்லை. எழுபத்திரண்டாம் வருசத்துக்கு முன்னால் அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

அவள் புருசன் பலராமன் தென்னை ஏறுகிறவன். அன்றைக்குப் பண்ணைத் தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தான். இவள் கூழ் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். தோப்பில் வேறு ஆள் இல்லை. உச்சியிலிருந்தா விழுந்தான்? அதுவும் இல்லை. முக்கால் மரம் இறங்கியாகிவிட்டது, இரண்டு ஆள் உயரம்தான் பாக்கி. காலில் மாட்டியிருந்த கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தான். விழுந்தவன் கண்ணைத் திறந்து பார்த்தான். ஒரு முழங்காலை மடக்கினான். மடங்கியது. அதை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

"காசு, தண்ணி குடு" என்றான்.

படுத்துக் கிடப்பவனுக்கு எப்படித் தண்ணீர் கொடுப்பது? புரை ஏறிவிடாதா? அவன் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தூக்கி, மரத்தில் சாய்த்து உட்காரவைத்தாள். நம் பக்கத்தில் விழுந்தவர்களுக்கு எல்லாரும் செய்வது அதுதானே. தூக்கும்போது அவன் முதுகுக்குள் ஏதோ நறுக்கென்றது அவள் கைக்குத் தெரிந்தது. அவன் இரண்டு வாய் தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டு, "எங் காலு எங்க காசு?" என்று கேட்டான்.

மறுபடி அவனைப் படுக்கவைத்துவிட்டு ஓடினாள். எதிரே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் சிங்காரவேலு, அதே தெருக்காரன். அவன் ஒற்றை ஆளாகப் பலராமனை வாரி எடுத்து மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு ஓட்டினான். டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, "யார்யா இவன இப்படித் தூக்கினது? அசைக்காம ஒரு பலகையில போட்டுக் கொண்டாந்திருந்தா எழுந்து நடந்திருப்பான்யா" என்று சத்தம் போட்டார்.

சிங்காரவேலு கையைக் கட்டிக்கொண்டு, "நான்தாங்க வண்டியில ஏத்தினன்" என்றான்.

டாக்டர் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். காசம்மாள் அவனுக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தாள். நான்தான் தூக்கினேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாயைத் திறந்தாள். வரவில்லை. அப்படியே மூடிக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் பலராமன் செத்துப்போனான். மகள் விஜயகுமாரிக்கு அப்போது மூன்று வயது.

அன்றிலிருந்து சிங்காரவேலு அவள் முகத்தைப் பார்த்ததில்லை. எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை ஓரமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு வண்டி வைக்கோல் அவள் வீட்டுப் பின்பக்கம் வந்து இறங்கும். யாரும் கேட்கவில்லை, அவனும் எதற்கென்று சொல்லவில்லை. காசம்மாளிடம் ஒரு கறவை மாடு இருந்தது, அதற்கு அது போதும். முதல் இரண்டு வருசம் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்புறம் அடித்துக்கொள்வதும் நின்றுவிட்டது. வண்டி வரும், வைக்கோல் இறங்கும், இவள் போர் போடுவாள். அவ்வளவுதான்.

விஜயகுமாரி நெடுநெடுவென்று வளர்ந்தாள். எண்பத்திமூன்றில் ஒன்பதாவது படிக்கும்போது அவளுக்குப் பதினாலு வயசு, உயரத்தில் வாத்தியார்களுக்குச் சமமாக நிற்பாள். பள்ளிக்கூடத்துக்கு வில்லியனூரிலிருந்து கில்பர்ட் என்று ஒரு டிரில் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். லீவில் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், வந்த வேகத்தில் இவளைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, மாஸ்டர் புதுசா ஒரு ஹைஜம்ப்பு சொல்லிக் குடுக்கறாரும்மா" என்று ஓடி வந்தாள் பெண். "காலத் தூக்கிப் போட்டுத் தாண்டறது இல்ல. ஓடியாந்து, குச்சிகிட்ட வந்ததும் அப்படியே திரும்பிக்கினு முதுகால தாண்டணும். மல்லாக்க போயி மல்லாக்க வுழணும்."

காசம்மாள் அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கேக்கறியா இல்லியா? மல்லாக்க வுழணும்மா!"

"உம்."

வேறு அம்மாவாக இருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். அப்பனை அப்படிப் பறிகொடுத்த வீட்டில் மகள் வந்து மல்லாக்க விழப் போகிறேன் என்கிறாள்! ஆதிலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுவிட்டு, "அடக் கொடுமையே, நீ பெத்தவதானாடி? வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல வாயில இன்னா வச்சிருக்க?" என்று திட்டினாள். காசம்மாள் சுள்ளியை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

ஆனால் மறுநாள் காலையில் ஒரு கட்டு வைக்கோலைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்த மைதானத்துக்குப் போனாள். அங்கே இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் ஒரு குச்சி வைத்திருந்தார்கள். குச்சிக்கு அந்தப் பக்கம், விழுவதற்காக, எதையோ திணித்துத் தைத்த பத்துக் கோணிகள். காசம்மாள் குனிந்து ஒரு கோணிக்குள் கையை விட்டாள். தேங்காய் மட்டை! இன்னொன்றில் கருக்காய்ப் பதரும் மண்ணும். ஒன்றும் பேசாமல் அரிவாளால் தையலை அறுத்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

கில்பர்ட் மாஸ்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "இன்னாம்மா பண்றீங்க?"

"மட்ட கீது" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

அவளுக்கு வைக்கோலைப் பற்றித் தெரியும். இன்னும் நாலு நடை கட்டு சுமந்து வந்து, நீள வைக்கோலைச் சுருட்டி அடியில் திணித்தாள், அது அழுந்தினாலும் மறுபடி எழும்பும். மேலே மாடு மிதித்த வைக்கோல், அது பூவாட்டம் இருக்கும். கோணிகளை ஒரு வரிசை நீளவாக்கில் போட்டு, அதன்மேல் இன்னொரு வரிசையைக் குறுக்கே போட்டு, சுற்றி இழுத்துக் கயிறு கட்டினாள். இரண்டு கோணிக்கு நடுவில் சந்து இருந்தால் விழுகிற உடம்பு அதற்குள்தான் போகும். கடைசியாகத் தானே ஏறி முழங்காலால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தாள். அப்புறம் இறங்கிப் போய்க் கரும்பைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டாள்.

அதுதான் வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு ஒருதடவை வைக்கோல் மாற்றுவாள். மழை பெய்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து உலர்த்துவாள். மகள் ஓடி வருகிற சத்தம் கேட்டதும் முதுகைத் திருப்பிக்கொள்வாள். காதுதான் கேட்டுக்கொண்டிருக்கும். "பொத்" என்று விழுந்தால் நடு முதுகு, சரியாக விழுந்திருக்கிறாள். சத்தம் மாறினால் தோளோ கழுத்தோ. அப்போதும் திரும்ப மாட்டாள். அடுத்த ஓட்டத்துக்கு மகளின் காலடி கேட்கிறதா என்று மட்டும் காத்திருப்பாள். பயமா என்று கேட்டால், அவளுக்கே சொல்லத் தெரியாது. பயப்படுவதற்குக்கூட உள்ளே ஏதாவது அசைய வேண்டும் இல்லையா?

"ஒரே ஒரு வாட்டி பாரேம்மா" என்று பெண் கெஞ்சுவாள். "எல்லாப் புள்ளைங்களும் பாக்குது, நீ மட்டும் கரும்பப் பாக்கற."

"உம்" என்பாள். பார்க்க மாட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? வயசுப் பெண் அரை நிஜார் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் குதிக்கிறாளாம், அம்மாக்காரி மெத்தை தைத்துக் கொடுக்கிறாளாம். ஆதிலட்சுமிக்கு மாட்டைப் பற்றித்தான் கவலை. "மாட்டுக்குப் போடற வைக்கோல மண்ணுல போட்டு வீணாக்கறியே, அது எலும்பும் தோலுமா நிக்குதுடி" என்பாள். அந்த வருசத்து வண்டி முழுவதும் கோணிக்குள்தான் போனது.

எண்பத்திநாலு மாசி மாசம், டவுனில் போட்டி. அதில் முதலாவதாக வருகிறவள் டெல்லிக்குப் போகலாம். விஜயகுமாரி பத்து நாளாகத் தூக்கத்தில்கூட டெல்லி டெல்லி என்றுதான் உளறினாள். பெண்பிள்ளையோடு வீட்டிலிருந்து யாராவது பொம்பளை வர வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். காசம்மாள் தூக்குவாளியில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரிய மைதானம். ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் அவளை உட்காரவைத்தார்கள். திணிக்கக் கோணி இல்லை, பார்த்து நிற்கக் கரும்பு இல்லை. கையில் வேலை இல்லாமல் அவளுக்கு உட்காரத் தெரியாது. எழுந்து போய்க் குதிக்கிற இடத்தைப் பார்த்தாள். இரண்டு பெரிய ஸ்பாஞ்சு மெத்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கட்டு இல்லை. நடுவில் விரல் நுழைகிற அளவுக்குச் சந்து.

"சார், சந்து கீது. கயிறு குடுத்தா கட்டிடுவன்."

"இது ஸ்பாஞ்சும்மா, உங்க வைக்கோலு மூட்ட இல்ல" என்று சிரித்தார் விசில் வைத்திருந்த ஒருவர். "போயி நிழல்ல உக்காருங்க."

வந்து உட்கார்ந்தாள்.

பதினோரு பெண்கள் தாண்டினார்கள். உயரம் ஏற ஏற ஒவ்வொருத்தியாகக் கழன்றார்கள். கடைசியில் விஜயகுமாரியும் ஒரு டவுன் பெண்ணும்தான் பாக்கி. ஒருவருக்கு மூன்று தடவை. டவுன் பெண் இரண்டாவதில் தாண்டிவிட்டாள். விஜயகுமாரி முதல் தடவை குச்சியைத் தட்டிவிட்டாள். இரண்டாவதற்கு நின்றவள், வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பிக்கொள்ள அங்கே இடம் இல்லை. காசம்மாள் பார்த்தாள், முதல் தடவையாக.

பெண் வளைந்து ஓடி வந்தாள், தரையை உதைத்தாள், மேலே போனாள். ஐயோ, எவ்வளவு உயரம் போகிறாள்! வயிறு வானத்தைப் பார்க்க, தலை பின்னால் தொங்க, அந்தரத்தில் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்படியே பலராமன் மூக்கு. நான் பெற்றதா இது என்று காசம்மாளுக்குள் ஏதோ புரண்டது. அதற்குள் குதிகால் பட்டுக் குச்சியும் விழ, அவளும் விழுந்துவிட்டாள். மெத்தை இரண்டும் விலகி நடுவில் வழிவிட, முதுகு தரையில் மோதியது. "பொத்" என்று கேட்கவில்லை.

நாலு பேர் ஓடினார்கள். மாஸ்டரும் ஓடினார். "தண்ணி, தண்ணி கொண்டாங்கடா!" என்று ஒருவர் கத்தினார். ஒருவர் குனிந்து பெண்ணின் அக்குளில் கையைக் கொடுத்தார்.

"தூக்காதீங்க!"

அது காசம்மாள் குரல். மைதானம் மொத்தமும் திரும்பியது. பன்னிரண்டு வருசமாக "உம்" என்பதற்கு மேல் உரத்து ஒரு சத்தம் வராத தொண்டையிலிருந்து அப்படி ஒரு கூச்சல். ஓடினாள், குனிந்தவரைப் பிடித்துத் தள்ளினாள், மாஸ்டரை நெஞ்சில் அடித்தாள். "எம் புள்ளையத் தொட்டீங்க, கைய வெட்டிடுவன்! தூக்காதீங்க! பலக கொண்டாங்க, பலக!"

"மூச்சு புடிச்சிக்கிச்சி, அவ்ளோதாம்மா" என்று விஜயகுமாரி எழுந்திருக்கப் பார்த்தாள். காசம்மாள் அவள் தோள் இரண்டையும் தரையோடு அழுத்தினாள்.

"அசையாத. கால மடக்கு. மடக்குடி!"

பெண் முழங்காலை மடக்கினாள். மடங்கியது. பலராமனுக்கும் மடங்கியதே! காசம்மாள் கையை எடுக்கவில்லை. பலகை வரும்வரை, அப்புறம் டாக்டர் ஒருவர் வரும்வரை, அரைமணி நேரம் அப்படியே அழுத்திக்கொண்டு கிடந்தாள். டாக்டர் தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "சிராய்ப்புதான், ஒன்னும் இல்ல" என்றார். விஜயகுமாரி துள்ளி எழுந்து, "மூணாவது சான்ஸ் இருக்குது சார்" என்று ஓடினாள். விசில்காரர் கையை விரித்துவிட்டார். பலகை அது இது என்று உங்கம்மா இவ்வளவு ரகளை செய்த பிறகு உன்னைக் குதிக்கவிட்டு யார் பதில் சொல்வது? முடியாது என்றால் முடியாது. டவுன் பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் விஜயகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். டவுனைத் தாண்டியதும் அழுகை கோபமாகிவிட்டது.

"வேணாம்னு சொல்லணும்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கும் வாயே தொறக்காதவ, இன்னிக்கித்தான் தொறக்கணுமா? எனக்கு இன்னா ஆச்சின்னு அப்படிக் கத்தின? சொல்லு. இப்பவும் உம்முன்னு சொன்ன, பஸ்ஸுலேர்ந்து குதிச்சிடுவன்."

காசம்மாள் தூக்குவாளியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பாவ நான்தான் தூக்கினன்."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. மரம், கயிறு, மடங்கின முழங்கால், கைக்குத் தெரிந்த நறுக், கால் எங்கே என்று கேட்டது, டாக்டர் கத்தியது. பஸ் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, பெண் காதை அவள் வாயருகே கொண்டுவந்தாள்.

"தண்ணி கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரு."

"கேட்டா குடுக்காம இன்னாம்மா பண்ணுவ?"

காசம்மாள் மகள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை, சொல்ல யாருக்கும் தெரியாதே. வில்லியனூர் வந்து போனது. விஜயகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்ப சிங்காரவேலு மாமா?"

காசம்மாள் தூக்குவாளி மூடியை அழுத்தினாள்.

"அவருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"வருசா வருசம் வண்டி வைக்கோலு கொண்டாந்து கொட்டறாரே. அது மேலியா நான் இத்தினி நாளா வுழுந்துக்கினு இருந்தன்?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் காசம்மாள் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சிங்காரவேலு மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்து நிற்பதைக் கண்டதும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"வைக்கோலு தீந்துபோச்சா? காலைல ஒரு கட்டு போடறன்" என்றான் வாளியைப் பார்த்து.

"வைக்கோலு வேணாம்ண்ணே. ஒன்னு சொல்லணும்."

சொன்னாள். நின்ற இடத்திலிருந்து அசையாமல் சொன்னாள். மாடு குடித்து முடித்து வாளியை முட்டியது, அவன் கவனிக்கவில்லை.

"நான் வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடியேவா?" என்று கேட்டான்.

"முன்னாடியேதான்."

"ஆஸ்பத்திரியில நீ எம் பக்கத்துலதான நின்ன?"

"நின்னன்."

 வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த அறுவடைக்கு வண்டி வரவில்லை. காசம்மாள் எதிர்பார்க்கவும் இல்லை. களத்துமேட்டில் கூலிக்குப் போன இடங்களில் கேட்டு, சுமை சுமையாகத் தலையில் கொண்டுவந்தாள். விஜயகுமாரி குதிப்பதை விடவில்லை, அடுத்த வருசம் டெல்லி இல்லையா என்ன? இப்போதெல்லாம் காசம்மாள் கரும்பைப் பார்த்து நிற்பதில்லை. பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். மகள் மேலே போகும்போதெல்லாம் இவள் ஒரு அடி முன்னால் ஓடிவிடுகிறாள்.

ஒருநாள் காலையில் அம்மாவும் மகளும் வைக்கோலைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். எதிரே சிங்காரவேலு வண்டி. காசம்மாள் ஓரமாக ஒதுங்கினாள். வண்டி கிட்டே வந்தது. அவன் தலை குனியவில்லை. பன்னிரண்டு வருசத்துக்கு அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தான். திட்டவில்லை, முறைக்கவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். அவளால்தான் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். வண்டி கடந்து போனது.

நெஞ்சுக்குள் வலித்தது. அப்படி வலித்தது. வைக்கோல் கட்டை இறக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்து, பலராமன் செத்தன்றைக்கு அழாததையும் சேர்த்து வாய்விட்டு அழுதாள். விஜயகுமாரி தன் கட்டையும் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். தூக்கி விடக் குனிந்தவள், என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள்.

"மாஸ்டர் வந்துருப்பாரும்மா" என்றாள்.

"வரன், இருடி" என்று காசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானாக எழுந்தாள்.